மேட்டு மனைகள் யார் பெயரில்

போன மாதம் திட்டப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். கையில் நம் டவுனின் மேம்பாட்டு வழிகாட்டி. அதில் ஓரிடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "அங்கிள், இந்த ஒரு ரூல் மட்டும் எங்களுக்குப் புரியல லா. மனை ஒதுக்குறப்ப வீட்டுப் பொம்பளையோட பேரத்தான் மொதல்ல கேக்கணும்னு போட்டிருக்கு. பக்கத்து டவுன் எதுலயும் இப்படி இல்ல. யாரு போட்டது?" என்று கேட்டார்.

நான்தான் போட்டேன் என்றேன். ஏன் என்றார். சொல்ல ஆரம்பித்தேன். ஆனால் அவருக்கு ஏதோ கூட்டம் இருந்தது. பாதியைக் கேட்டுக்கொண்டு மோட்டாரில் ஏறிப் போய்விட்டார். பாதிக் கதை அலுவலகத்துக்குள் சுற்றினால் அதற்குக் கை கால் முளைத்துவிடும். அதனால் முழுவதையும் உங்கள் எல்லாருக்குமாக எழுதுகிறேன். சாக்கடைச் சரிவு, பின்சந்தின் அகலம் இதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவற்றைப் பற்றி வாயைத் திறக்கமாட்டேன்.

ஜப்பான்காரர் மலாயாவை ஆண்ட காலம். ரந்தாவ் ஊரைத் தாண்டிப் போகிற சடக்கில், அதாவது பெரிய ரோட்டில், இருக்கும் நம் டவுனில் அன்று இரண்டு வரிசைக் கடைகள், ஒரு பாசார், ஒரு போலீஸ் நிலையம், அவ்வளவுதான். சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள். நானும் ஒரு தோட்டத்து லயத்தில், கூலிக்காரர் வரிசை வீட்டில், பிறந்தவன்தான். அப்பா ரப்பர்ப் பால் எடுக்க மரம் வெட்டியவர். என்னை மட்டும் எப்படியோ சிரம்பானுக்கு அனுப்பி ஆங்கிலம் படிக்க வைத்தார். அந்தப் படிப்பைக் கொண்டு டவுன் போர்டு அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலையில் சேர்ந்தேன். தோட்டத்து ஆட்களுக்கு முழுக்கால் சட்டை போட்ட குமாஸ்தா எல்லாம் கிராணிதான். என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

வெள்ளைக்கார அதிகாரி ஓடிய பிறகு அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டவர் எங்கள் தலைமைக் குமாஸ்தா. மலாய்க்காரர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நாங்கள் மரியாதையாக எஞ்சே என்று அழைப்போம். அவர் என்னைத் தம்பி என்பார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அதுதான். நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். பூட்ஸ் சத்தம் கேட்டாலே வயிறு கலங்குகிறது என்று எழுந்து பின்பக்கம் போய்விடுவார். அலுவலகத்தில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் கிடையாது. நானும் சிரித்திருக்கிறேன்.

அரிசி கிடைக்காமல் போயிருந்தது. ரப்பரை வாங்குவாரில்லை, தோட்டங்கள் படுத்துவிட்டன. டவுனை ஒட்டியிருந்த தோட்டத்தின் ஆண்களில் பெரும்பாலோரை ரயில் பாதை போட என்று சயாமுக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று சொல்லித்தான் கூட்டிப் போனார்கள். அதுவரை யாரும் திரும்பவில்லை. லயங்களில் மிஞ்சியவர்கள் பெண்களும் பிள்ளைகளும் கிழவர்களும் நோயாளிகளும்தான்.

அந்த நிலையில்தான் உணவு உற்பத்திக்கான ஜப்பான் அதிகாரி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். டவுனின் நிலத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று அவரே முடிவு செய்துகொண்டு வந்திருந்தார். தோட்டத்து லயங்களில் ராணுவச் சாமான் வைக்க வேண்டும். ஆற்றுக்கும் சடக்குக்கும் நடுவில் இருந்த டவுன் போர்டு நிலத்தை மனைகளாகப் பிரித்து மரவள்ளி போட வேண்டும். மனையிலேயே வீடும் கட்டிக்கொள்ளலாம். ஆனால் மனை ஆண் உள்ள குடும்பத்துக்கு மட்டும்தான், ஒவ்வொரு மனையிலும் அந்த ஆணின் பெயரைப் பலகையில் எழுதி நட வேண்டும். ஆண் இல்லாத குடும்பங்களை லாரியில் ஏற்றி விமானத் திடல் வேலைக்கு அனுப்பிவிடுவார்கள்.

அந்த வேலைக்குப் போனவர்களைப் பற்றி எங்களுக்கு வந்த சேதிகள் நல்லவையாக இல்லை. பிள்ளைகளோடு போன பெண்கள் பிள்ளைகள் இல்லாமல் நிற்கிறார்கள் என்று லாரிக்காரர் ஒருவர் சொன்னார். ஆக, மனை கிடைத்தால் அந்தக் குடும்பம் பிழைக்கும், கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. படம் போடுகிற வேலை என் கையில். உங்களுக்கும் ஒரு நாள் இப்படி வரலாம், இவ்வளவு கொடுமையாக இல்லாவிட்டாலும். நாம் கோடு போடுகிறோம், அந்தக் கோட்டுக்கு வெளியே யாரோ நிற்கிறார்கள்.

முதலில் லயத்துக்குப் போனேன். அங்கே எல்லாருக்குமாகப் பேசியவர் அஞ்சலை அக்கா. முப்பது வயது இருக்கும். புருசன் கோவிந்தன் சயாமுக்குப் போயிருந்தார், இரண்டு பெண் பிள்ளைகள். சேலை கிழிந்துபோய் மேலே சாக்குத் துணியைச் சுற்றியிருந்தார், ஆனால் பேச்சில் ஒரு குறையும் இல்லை. இடத்தைக் காட்டப் பெண்களை எல்லாம் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனோம்.

"இங்கியே வீட்டப் போட்டுருவோம் கிராணி. தண்ணி பக்கத்துல இருக்கு, மண்ணும் மெதுவா இருக்கு," என்றார்.

"வேணாங்கா. மழைக் காலத்துல ஆறு இந்த எடத்துக்கு வரும். வீடு மேட்டுலதான். கீழ மரவள்ளியும் கீரையும் போடலாம்."

"மேட்டுக்குத் தண்ணி யாரு தூக்கறது? நீங்களா?"

"கெணறு வெட்டலாம்."

"யாரு வெட்டறது? அதுவும் நீங்களா?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்த நாளில் சிரிப்பைக் கேட்டதே அதிசயம். வெட்டுகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன், பிறகு வெட்டவும் செய்தேன். ஆனால் மேட்டை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வெள்ளைக்காரர் காலத்திலேயே அந்த ஆறு பாசாருக்குள் வந்ததைப் பார்த்தவன் நான். அக்கா கடைசியில் ஒத்துக்கொண்டார், ஆனால் சும்மா ஒத்துக்கொள்ளவில்லை. நான் படத்தில் ஒவ்வொரு மனைக்கும் நடுவில் ஒரு வீடு போட்டிருந்தேன். வெள்ளைக்காரரிடம் படித்த அழகு. அதைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிட்டார்.

"ஆம்பள இல்லாத வீடுங்க. ஒவ்வொருத்தி ஒரு மூலையில கெடந்தா ராத்திரியில எவன் கதவத் தட்டுனாலும் கேக்க ஆளிருக்காது. வீட்டையெல்லாம் மேட்டுல ஒண்ணாப் போடுங்க. கொல்லைய வேணும்னா எங்க வேணாலும் பிரிங்க."

எந்தச் சிப்பாய் எந்தக் கதவைத் தட்டினான் என்று நான் கேட்கவில்லை. வீடுகளை மேட்டில் ஒன்றாக, முகம் பார்த்த மாதிரி போட்டேன். கொல்லைகளைச் சரிவில் பிரித்துக் கீழ்வரை விட்டேன். இன்றைக்கும் நம் டவுனில் மேட்டுத் தெரு மட்டும் ஏன் இப்படி வளைந்து நிற்கிறது என்று கேட்கிறீர்களே, அதுதான் காரணம். எங்கள் இருவருடைய பிடிவாதமும் சேர்ந்து போட்ட தெரு அது.

சரி, ஆண் இல்லாத குடும்பங்களுக்கு என்ன செய்வது. எஞ்சேயும் நானும் உட்கார்ந்து யோசித்தோம். அப்போது எனக்கு ஒரு பெரிய யோசனை வந்தது. ஆணின் பெயர் பலகையில் இருக்க வேண்டும் என்றுதானே உத்தரவு? பெயர் இருக்கிறதே. ஆள் சயாமில் இருந்தால் என்ன, பெயரை எடுத்துக்கொண்டா போய்விட்டான்? கோவிந்தன் என்று பலகையில் எழுதி அஞ்சலை அக்காவின் மனையில் நட்டுவிடலாம். மற்றவர்களுக்கும் அப்படியே. எஞ்சே சுருட்டிய இலைச் சுருட்டைப் பற்ற வைக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"கேட்டால்?" என்றார். அவர் பேசியது மலாயில். நான் நம் மொழியில் எழுதுகிறேன்.

"கேட்டால் வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லலாம், எஞ்சே. பொய்யும் இல்லை."

அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வேறு வழி அவருக்கும் தெரியவில்லை. பலகைகளை எழுதினேன். பெண்கள் கம்பும் அத்தாப்பு ஓலையும் கொண்டுவந்து வீடுகளை எழுப்பினார்கள். மரவள்ளிக் குச்சிகள் ஊன்றியாயிற்று. நான் என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து நாலு நாள் சந்தோஷமாகவே இருந்தேன்.

இளையவர்களே, சட்டத்தின் எழுத்தில் ஒரு ஓட்டையைப் பார்த்துவிட்டால் உடனே அதில் தலையை விடாதீர்கள். உடம்பு நுழையுமா என்று பாருங்கள்.

அதிகாரி பார்வையிட வந்தார். கூடவே துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள், ஒரு மொழிபெயர்ப்பாளர். மொழிபெயர்ப்பாளர் பார்மோசா தீவிலிருந்து வந்தவர், ஜப்பான் மொழியும் மலாயும் தெரியும், தமிழ் தெரியாது. அதனால் அதிகாரி கேட்பதை அவர் மலாயில் சொல்வார், நான் தமிழில் பெண்களிடம் கேட்பேன், பதில் அதே வழியில் திரும்பிப் போகும். எஞ்சேயும் வந்திருந்தார். அன்று அவர் பின்பக்கம் போகவில்லை. மேட்டில் பின்பக்கம் என்று ஒன்றும் இல்லை.

முதல் பலகை மாரியாயி என்ற பெண்ணுடையது. அதிகாரி பலகையைக் காட்டி, "உன் புருசன் பெயர் என்ன?" என்று கேட்கச் சொன்னார். பலகையில் உள்ள பெயரும் அவள் சொல்வதும் ஒன்றா என்று பார்க்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மாரியாயி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள், சிரிப்பு வருகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள்.

"சொல்லும்மா," என்றேன்.

"அவுங்கதான்," என்றாள்.

அடுத்த பெண்ணிடம் போனார். "எங்க ராசாத்தி அப்பா," என்றாள் அவள். அதற்கடுத்தவள் வானத்தைக் காட்டினாள். அவள் புருசன் பெயர் சூரியன். அவளுக்குத் தெரிந்த மட்டும் அவள் சரியாகத்தான் பதில் சொன்னாள்.

என் அம்மா என் அப்பாவின் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. அஞ்சல்காரர் வந்து கேட்டால்கூட என்னைத்தான் சொல்லச் சொல்வார். புருசன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்பது எங்கள் லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாததா? வெள்ளைக்காரரிடம் படம் போடக் கற்றபோது எங்கோ ஓரத்தில் வைத்துவிட்டேன். அதுவும் அந்தப் புருசன்கள் சயாமில் சாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிற நேரத்தில் எந்தப் பெண் வாயைத் திறப்பாள்?

அதிகாரிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும். ரயிலிலிருந்து குதித்து ஓடிவந்தவர்கள் சிலர் தோட்டங்களில் ஒளிந்திருப்பதாக அவருக்குச் சேதி. பலகையில் பொய்ப் பெயர், பெண்கள் வாயைத் திறக்க மறுக்கிறார்கள். கணக்கு அவருக்கு நேராக வந்துவிட்டது. என் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. ஓடிப்போனவர்களைக் காட்டாவிட்டால் எல்லாரும் லாரியில் ஏற வேண்டும் என்றார். சிப்பாய்கள் வீடுகளுக்குள் போய் அத்தாப்பைக் குத்திப் பார்த்தார்கள்.

எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, அதிகாரியிடம் சொன்னார். அவர் நம்பவில்லை. அப்போது அஞ்சலை அக்கா முன்னால் வந்தார்.

"எம் புருசன் பேர நான் சொல்லக்கூடாது. அவ புருசன் பேர நான் சொல்லலாம்ல?" என்று மாரியாயியைக் காட்டினார். "அவ வீட்டுக்காரரு பேரு முனியாண்டி. பலகையில என்னா எழுதியிருக்குன்னு பாத்துக்கங்க."

மாரியாயிக்குத் தைரியம் வந்துவிட்டது. "அக்கா வீட்டுக்காரரு கோவிந்தன்," என்றாள். அவ்வளவுதான், மேடு முழுவதும் ஒருத்தி புருசன் பெயரை இன்னொருத்தி கத்த ஆரம்பித்துவிட்டாள். ஒவ்வொன்றாகப் பலகையோடு ஒத்துப்போனது. அதிகாரியின் முகம் கொஞ்சம் தணிந்தது. எனக்கும் மூச்சு வந்தது. ஆனால் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாயிற்று.

"சரி. இந்த ஆண்கள் எங்கே?" என்று கேட்டார்.

நான் தயாராக வைத்திருந்த பதில், வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்பது. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அஞ்சலை அக்கா பேசிவிட்டார். "எங்கேன்னு எங்ககிட்ட கேக்கறாரா? இவுங்கதான கூட்டிக்கிட்டுப் போனாங்க. திருப்பிக் கொண்டாந்து விடச் சொல்லுங்க. பலகைக்குப் பக்கத்துலயே நிக்க வைக்கிறேன்."

மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்துக் காத்திருந்தார். கரணம் தப்பினால் மரணம் என்பார்களே, அது அந்த இடம்தான். அக்கா சொன்னதை அப்படியே சொன்னால் அவரைக் கட்டிவைத்து அடிப்பார்கள். "சயாமில் ஜப்பான் அரசாங்கத்துக்காக வேலை செய்கிறார்கள், எப்போது வருவார்கள் என்று கேட்கிறார்" என்று மலாயில் சொன்னேன். ஆனால் அதுவும் ஆபத்தில்தான் முடிந்தது. ஆள் இங்கே இல்லை என்று என் வாயாலேயே ஒப்புக்கொண்டாயிற்று.

அதிகாரி கோபப்படவில்லை. அது இன்னும் மோசம். உத்தரவு தெளிவானது, ஆண் இல்லாத மனை செல்லாது, பலகைகளைப் பிடுங்குங்கள் என்றார் சாதாரணமாக. ஒரு சிப்பாய் முதல் பலகையில் கையை வைத்தான். அஞ்சலை அக்காவின் சின்ன மகள் தன் அம்மாவின் சாக்குத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு இன்றைக்கும் அந்தப் பிள்ளையின் முகம் நினைவிருக்கிறது.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. யோசித்துச் சொன்னேன் என்று பெருமை பேசமாட்டேன், வாயில் வந்துவிட்டது.

"துவான், இந்த மாநிலத்தில் நிலம் பெண்கள் பெயரில்தான் இருக்கும். ஆண் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இந்த ஊர் அடாட் அது."

அடாட் என்றால் வழக்கம். நம் நெகிரி செம்பிலானில் மலாய்க்காரர்களிடம் அப்படி ஒரு வழக்கம் இருப்பது உங்களுக்குத் தெரியும். பரம்பரை நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகும், கல்யாணம் ஆனதும் ஆண் பெண் வீட்டுக்குப் போவான். ஆனால் அது அவர்களுடைய குல நிலத்துக்கு உள்ள வழக்கம். டவுன் போர்டு நிலத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது, தோட்டத் தமிழருக்கு அதில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அது எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்ற எஞ்சேக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

மலாய்க்காரர் வழக்கத்தில் தலையிட வேண்டாம் என்று மேலிடத்திலிருந்து சொல்லியிருப்பதாக அலுவலகத்தில் ஒரு பேச்சு இருந்தது. அது உண்மையோ பொய்யோ, அதிகாரி சிப்பாயை நிறுத்தச் சொல்லிவிட்டு எஞ்சேயைப் பார்த்தார். "இவன் சொல்வது நிஜமா?" என்று கேட்டார் மொழிபெயர்ப்பாளர்.

எஞ்சே இப்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு இல்லை என்று சொல்லிவிடுவார், அதோடு நான் முடிந்தேன் என்றுதான் நினைத்தேன். அப்படிச் சொல்லியிருந்தாலும் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கும் வீடு, மனைவி, பிள்ளைகள் இருந்தார்கள்.

அவர் தலையில் இருந்த சொங்கோக் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "நிஜம், துவான்," என்றார். "நான் இருக்கும் வீடு என் மனைவியுடையது. நான் பிறந்த வீடு என் தங்கையுடையது. என் மனைவி போ என்று சொன்னால் நான் என் சாரோங்கை எடுத்துக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். இந்த ஊரில் அப்படித்தான்."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதிகாரி மொழிபெயர்ப்பாளரிடம் மறுபடி ஒருமுறை கேட்டார். அப்புறம் எஞ்சேயை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு சிரித்தார், குறட்டை மாதிரி ஒரு சத்தம். சாரோங்கோடு எஞ்சே நடுச்சடக்கில் நிற்பது அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சிரித்து முடித்ததும் சொன்னார். பெண்கள் பெயரிலேயே இருக்கட்டும். பலகைகளை மாற்றுங்கள். அடுத்த முறை நான் வரும்போது கிழங்கு இல்லாவிட்டால் இந்தப் பெண்களைத்தான் கேட்பேன்.

அவர்கள் போன பிறகு எஞ்சே அப்படியே ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்துவிட்டார். சுருட்டுக்கு இலையைச் சுருட்டப் பார்த்தார், புகையிலை எல்லாம் கீழே கொட்டியது. அஞ்சலை அக்கா தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"தம்பி, என் தாயின் வழக்கத்தை எடுத்துப் பொய்க்குக் குடையாகப் பிடித்துவிட்டாய்," என்றார். "இனி அதைப் பொய்யாக விடக்கூடாது. இந்தச் சண்டை முடிந்து யார் வந்து ஆண்டாலும் சரி, இந்த மனைகள் இந்தப் பெண்கள் பெயரில்தான் இருக்க வேண்டும். நான் இருந்தால் நான் பார்த்துக்கொள்வேன். இல்லாவிட்டால் நீ."

அன்றோடு அவரைப் பார்த்துச் சிரிப்பதை நான் விட்டுவிட்டேன். பயப்படாதவன் துணிந்து பேசுவதில் என்ன இருக்கிறது. அவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு அவர் பேசினார்.

பலகைகளைக் கவிழ்த்துப் பின்பக்கத்தில் பெயர்களை எழுதினேன். தங்கள் பெயரைச் சொல்லவும் அந்தப் பெண்கள் கூச்சப்பட்டார்கள் என்பது வேறு கதை. மரவள்ளி நன்றாக வந்தது. அதிகாரி அடுத்த முறை வந்தபோது கிழங்கும் இருந்தது, கீழே ஆற்றோரம் கீரையும் இருந்தது. மழைக் காலத்தில் ஆறு கீழ்க்கொல்லைகளை மூழ்கடித்தது, மேட்டுக்கு வரவில்லை. அஞ்சலை அக்கா மறுநாள் என்னைப் பார்த்து, "கெணத்துல தண்ணி கலங்கலாத்தான் இருக்கு கிராணி," என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் அவரிடமிருந்து பாராட்டு எதிர்பார்க்க முடியாது. நோயில் சிலர் போனார்கள், அதை மறைக்கமாட்டேன். ஆனால் அந்த மேட்டிலிருந்து ஒரு குடும்பம்கூட லாரியில் ஏறவில்லை.

சண்டை முடிந்து வெள்ளைக்காரர் திரும்பி வந்தார். குடும்பத் தலைவர் பெயரில் உரிமம் எழுதுங்கள் என்று அவரும் சொன்னார். இதில் மட்டும் அவருக்கும் ஜப்பான்காரருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. எஞ்சே வயிறு கலங்காமல் எழுந்து நின்று, ஏற்கெனவே பெண்கள் பெயரில் ஒதுக்கியாயிற்று, மாற்றினால் சண்டை வரும் என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அவருக்குப் பிறகு அந்த விதியை வழிகாட்டியில் எழுதியது நான். அதைத்தான் யாரு போட்டது என்று உங்கள் இளைஞர் கேட்டார்.

இன்னும் ஒன்றைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். அந்த இளைஞர் கேட்காமல் போன பாதி இதுதான்.

சண்டை முடிந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. ஒரு பகல் நேரம் ஒரு மனிதர் அலுவலகத்துக்குள் வந்து கதவோரமாக நின்றார். எலும்பும் தோலுமாக இருந்தார், காலில் பெரிய புண் ஆறிய வடு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"இடுகாட்டுப் படம் இங்கதான இருக்கும்னு சொன்னாங்க," என்றார்.

"ஆமா. யாருக்குப் பாக்கறீங்க?"

"சயாம்லருந்து வர்றேன் கிராணி. லயத்துக்குப் போனேன். அங்க எவனோ சாமான் போட்டு வச்சிருக்கான், ஒருத்தரும் இல்ல. காவக்காரன கேட்டேன். பொம்பள புள்ளைங்க எல்லாத்தயும் லாரியில ஏத்திட்டாங்க, ஒண்ணும் பொழச்சிருக்காதுன்னான்." வடு இருந்த காலை மாற்றி ஊன்றிக்கொண்டார். "செத்தவங்கள இங்க கொண்டாந்து பொதச்சிருந்தா, எடத்தையாச்சும் காட்டுங்க. ஒரு வெளக்கு வச்சிட்டுப் போறேன்."

பெயரைக் கேட்டேன். கோவிந்தன் என்றார். சம்சாரத்தின் பெயரைக் கேட்டேன், தெரிந்துகொண்டேதான் கேட்டேன். அஞ்சலை என்றார்.

அவர்கள் உயிரோடு இருப்பதை அங்கே வைத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அங்கேயே விழுந்துவிடுவார் போலிருந்தது. வாங்க காட்டுகிறேன் என்று மட்டும் சொல்லிக் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு நடந்தேன். இடுகாடு அந்தப் பக்கம் இல்லையே என்று வழியில் ஒருமுறை கேட்டார். நடங்க என்றேன். அவர் நடைக்கு அந்த ஏற்றம் பெரிய மலை, நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அஞ்சலை அக்கா வாசலில் உட்கார்ந்து கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை. உள்ளேயிருந்து பெரிய மகள் எட்டிப் பார்த்துவிட்டுத் தங்கையைக் கூப்பிட்டாள்.

கோவிந்தன் வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். வீட்டைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், கீழே ஆறுவரை போகிற கொல்லையைப் பார்த்தார். லயத்தில் ஒரு ரூம்பைத் தவிர வேறெதையும் தன் வாழ்நாளில் அறியாதவர் அவர். யாருடைய இடத்திலோ கூலிக்கு இருக்கிறார்கள், உள்ளே வந்தால் யாராவது திட்டுவார்கள் என்று பயந்திருக்க வேண்டும். அங்கிருந்தபடியே மெதுவாகக் கேட்டார்.

"யாரு வீடு புள்ள இது?"

"என் வீடுதான்," என்றார் அஞ்சலை அக்கா. "காலக் கழுவிட்டு உள்ள வாங்க."

நான் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. அலுவலகத்தில் வேலை கிடந்தது.